தண்ணீரில் வளர்ந்த வேர்கள்

பாத்து என்னும் மலையூரின் சரிவில் இருக்கும் விடுதிகள், கல்யாண விருந்து முடிந்த மறுநாள் குப்பையில் வீசும் ஆர்க்கிட் செடிகளை மூர்சினா பதினோரு வருடமாகப் பொறுக்கி வந்தாள். பெரும்பாலும் வேர் அழுகி, இலை தோல்பைபோலச் சுருங்கிக் கிடக்கும். கறுத்த வேர்களை வெட்டி, வெட்டுவாயில் சமையலறைப் பட்டைத் தூளைத் தொட்டு வைப்பாள். பிறகு பழப்பாகு வந்த கண்ணாடிப் புட்டியில், வேர் நுனி மட்டும் தண்ணீரைத் தொடும்படி நிறுத்துவாள். தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். இரண்டு மாதத்தில் பச்சை முனையோடு புது வேர் இறங்கினால், பக்கவாட்டில் ஓட்டை போட்ட தொட்டிக்கு மாற்றி, சுட்ட களிமண் உருண்டைகளை நிரப்புவாள். ஓட்டைக்குக் கீழே எப்போதும் இரண்டு விரல் தண்ணீர் நிற்கும். பூக்க இரண்டு, மூன்று வருடம் ஆகும்.

பூ விரிந்து அவள் பார்த்ததில்லை. மொட்டு வைத்தாலே ஊர்த்தலைவரின் மனைவி விவிக்குக்கு மூக்கில் வியர்த்துவிடும். வருவாள், அழகு என்பாள். அந்த ஊரில் பெரியவர்கள் ஒரு பொருளை மூன்று தடவை புகழ்ந்தால், அதை எடுத்துக்கொள்ளும்படி பொருளுக்குரியவள்தான் கெஞ்ச வேண்டும். இப்படி ஆறு செடிகள் போயின. ஆறு தடவையும் மூர்சினா, அம்மா என்பதற்கு அந்த ஊர் வழக்கான 'இபு' போட்டு, ஒன்றையே சொல்லி அனுப்பினாள்: "இந்தத் தொட்டியிலிருந்து மட்டும் எடுத்துடாதீங்க, இபு." பூ உதிர்ந்ததும் விவிக் செடியைக் கொல்லைப்புறத்தில் போட்டுவிடுவாள்.

ஏழாவதை மூர்சினா குளியலறையில் வைத்தாள். கூரையில் பதித்த கண்ணாடி வழியாக அங்கே வெளிச்சம் விழும். மூன்றாம் வருடம் தண்டு நீண்டு ஒன்பது மொட்டு வைத்தது. வெள்ளையா, ஊதாவா என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஒன்றே ஒன்று தன் கண் முன்னால் விரியட்டும் என்று இருந்தாள்.

அந்த வாரம், ஊர்ப் பெண்கள் முறைவைத்து வீட்டுக்கு வீடு கூடும் கூட்டம் அவள் வீட்டில் நடந்தது. பொரித்த சோயாத் தெம்பே தட்டில் பாதி குறைந்தபோது விவிக் எழுந்து, அக்கா முறையில் 'யூ' போட்டுக் கூப்பிட்டாள்.

"யூ மூர், வயித்தக் கலக்குது. குளியலறை எந்தப் பக்கம்?"

பத்து வருடமாக வந்து போகும் வீடு. கதவோரம் கிராம்பு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த கணவன் பார்ஜானை மூர்சினா பார்த்தாள். அவன் புகையைப் பார்த்தான். வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடும் வேலையைத் தருவது ஊர்த்தலைவர் கையில் இருந்தது. அந்த வேலையைக் கேட்டு அவன் ஆறு மாதமாக நடந்துகொண்டிருந்தான்.

விவிக் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஐயோ யூ மூர், ராணியக் கொண்டுபோய் அங்கயா ஒளிச்சு வைப்பீங்க? ஒம்போது மொட்டு! என் வயித்து வலியே போயிடுச்சு. என்ன அழகு!"

"பார்ஜான் குளிக்கிறதப் பாத்துருக்கும். அதான் வெக்கத்துல இன்னும் விரியல" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். மூர்சினாவும் சிரித்தாள்.

"உண்மையிலேயே அழகு" என்றாள் விவிக். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அழகுதான், போங்க."

"எடுத்துட்டுப் போங்க, இபு. இங்க இருந்தா யாரு பாக்கப் போறா?"

"சேச்சே, நான் கேக்கவே இல்லையே."

"நானாத்தான் குடுக்குறேன். மாட்டேன்னு சொல்லாதீங்க."

"ஆனா இந்த உருண்டைத் தொட்டி எங்க வாசலுக்கு எடுப்பா இல்ல. மாத்தலாமா?"

மூர்சினா கொஞ்சம் யோசித்தாள். தண்ணீரில் வளர்ந்த வேருக்குத் தாகம் தாங்கத் தெரியாது.

"தாராளமா மாத்துங்க. கரித்துண்டு போட்டு வைங்க. மூணு நாளைக்கு ஒரு தடவ தண்ணி தெளிச்சாப் போதும்."

தொட்டியின் ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் பார்ஜானிடம், "குளியலறையில இருக்குன்னு நீங்கதானே சொன்னது?" என்றாள்.

"ஒரு பூ. அத வச்சு உலையா வைக்கப்போற?"

வாய்க்கால் வேலை அடுத்த வாரமே கிடைத்தது. பதினெட்டாம் நாள் செடி திரும்பி வந்தது. மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்திருந்தது. நிறம் கடைசிவரை தெரியவில்லை.

"எங்க வீட்டுச் சூடு அதுக்கு ஒத்துக்கல" என்றாள் விவிக். "உங்க கை குளிர்ந்த கை, தொட்டது துளிர்க்கும். பொழைக்க வச்சுடுங்க. மக கல்யாணத்துக்குள்ள பூத்தாப் போதும்."

"இது செத்தா என் வேலையும் செத்துச்சு, மூர்" என்றான் பார்ஜான்.

மூர்சினா செடியைக் கவிழ்த்துப் பார்த்தாள். வேர்கள் காகிதமாகியிருந்தன. ஒன்று மட்டும் அடித்தண்டை ஒட்டிப் பருத்துப் பச்சையாக இருந்தது. அது போதும், அதைவிட மோசமானவற்றை அவள் பிழைக்க வைத்திருக்கிறாள். கத்தரிக்கோலைக் கொதிநீரில் கழுவினாள். காய்ந்த வேர்களை வெட்டினாள். பச்சை வேரைக் கொஞ்ச நேரம் விரலில் பிடித்திருந்துவிட்டு அதையும் வெட்டினாள். புது வேர் துளிர்க்கக்கூடிய அடித்தண்டையும் சேர்த்து வெட்டினாள். பட்டைத் தூளை வழக்கம்போல நிதானமாகத் தொட்டு வைத்தாள்.

புட்டியைத் தெருப் பக்க ஜன்னலில், போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி வைத்தாள். தினமும் தண்ணீர் மாற்றினாள். "பொழைக்குமா, யூ?" என்று கேட்டவர்களிடம், "பொழைக்கும், பொழைக்கும்" என்றாள். ஆர்க்கிட் சாக அவசரப்படாது. மூன்று மாதம் எடுத்துக்கொண்டது. இலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. விழுந்ததை எடுத்துவிட்டு மிச்சத்துக்குத் தண்ணீர் மாற்றினாள். அத்தனை அக்கறையை அவள் வேறு எந்தச் செடிக்கும் காட்டியதில்லை. செடி யார் பக்கமும் இல்லை. குடிக்க ஒரு வேரைத் தேடியது; இல்லை.

அடுத்து அவள் வீட்டில் கூட்டம் நடந்தபோது, வெறும் தண்டு நின்ற புட்டியை விவிக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"எல எல்லாம் போன பிறகும் தினமும் தண்ணி மாத்துனீங்களாமே. ஊரே சொல்லுது" என்று மூர்சினாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "என்ன பொறுமையான கை!"

பெண்கள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுல முப்பது தொட்டி கவனிக்க ஆளில்லாமக் கெடக்குது" என்று அந்தக் கையைத் தடவினாள். "நல்ல கை, யூ மூர்."

கதவோரம் பார்ஜான் இருமினான்.

"நெஜமாவே நல்ல கை."

"நாளைக்குக் காலையிலேர்ந்து வந்துடறேன், இபு" என்றாள் மூர்சினா.

"சேச்சே, நான் கேக்கவே இல்லையே."