குங்குமம் வைத்த குப்பி

திருப்பூரில் சாயம் போட்ட துணியில் தடை செய்யப்பட்ட ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் லேபின் பிழைப்பு. அதற்காக அதே ரசாயனத்தைச் சுத்தமான தூளாக, ஒரு சின்னக் குப்பியில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வைத்திருப்போம். ஸ்டாண்டர்டு என்று பெயர். மளிகைக் கடைக்கு எடைக்கல் போல எங்களுக்கு அது. கல் குறைந்தால் சரக்கு கூடுதலாகத் தெரியும்.

ஆயுத பூஜையன்று முதலாளி எதையும் விட்டுவைக்கவில்லை. கருவிக்கு, கம்ப்யூட்டருக்கு, ஏசிக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். லேபிலேயே எடைக்கு எடை விலை கூடியது அந்தக் குப்பிதான் என்பதால் அதன் மூடிக்குப் பெரிய பொட்டு. நான் அன்று விடுப்பில் இருந்தேன், இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டதுதான். திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் பெருமாநல்லூரிலிருந்து ஒரு சின்ன பனியன் கம்பெனிக்காரரின் துணி வந்தது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் ரிப்போர்ட் கேட்டு அவருக்கு நேரடியாகக் கொடுத்த முதல் ஆர்டர், கைக்குழந்தைகளுக்கான சட்டை. மயிரிழையில் பெயில். அந்த ஆர்டர் போனால் கம்பெனியையே மூட வேண்டியதுதான். அவர் சத்தம் போடவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பச்சக் கொளந்தைங்க போடற துணிங்க மேடம். எங்கூட்லயும் இப்பத்தானுங்க ஒண்ணு பொறந்திருக்குது. அதுல போயி நான் ஏமாத்துவனுங்களா?"

முகத்தைப் பார்த்து ரிசல்ட்டை மாற்ற முடியாது. ஆனாலும் மனசு உறுத்தியது. ஸ்டாண்டர்டையே ஒருமுறை சோதித்துவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். சர்டிபிகேட்டோடு வந்த பொருளை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று கோபித்துக்கொண்டார். இந்த ஊரில் யாருடைய சர்டிபிகேட்டையும் யாரும் நம்பாததால்தான் அவர் கார் வாங்கியிருக்கிறார். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவர் சாப்பிடப் போனதும் ஸ்டாண்டர்டைக் கருவியில் ஓட்டினேன். சுத்தமாக இருந்தால் திரையில் ஒரே ஒரு மேடு வர வேண்டும். பக்கத்தில் இன்னொன்றும் எழுந்தது. குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடியின் மரைக்குள் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பூஜைக்கு எடுத்த குங்குமம், வருகிறவர்கள் இட்டுக்கொள்ள வரவேற்பறையில் ஒரு கிண்ணத்தில் எப்போதும் இருக்கும்; அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்து ஓட்டினேன். அதே இடத்தில் அதே மேடு. முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் கணக்கு புரிந்தது. தூளோடு குங்குமத்தையும் சேர்த்து எடை போட்டிருக்கிறோம், கல் குறைந்து பழி அவர் துணிமேல் விழுந்திருக்கிறது.

கையோடு அந்தக் குங்குமத்தையும் துணியைச் சோதிப்பது போலவே, சாயத்தை உடைத்து உள்ளிருப்பதை வெளியே வரவைத்துச் சோதித்தேன். தடை செய்யப்பட்ட ரசாயனம் வரும் இடத்தில், எந்தத் துணிக்கும் எங்கள் கருவி அத்தனை உயரமாக மேடு போட்டதில்லை.

புதுக் குப்பியைத் திறந்து மறுபடி பார்த்தபோது துணி பாஸ். மெஷினில் சின்னக் கோளாறு என்று முதலாளி பனியன் கம்பெனிக்காரருக்குப் போனில் சொன்னார். இத்தனைக்கும் மெஷினுக்கும் பொட்டு வைத்தவர் அவர்தான். வரவேற்பறைக் கிண்ணத்தை எடுத்துவிடச் சொன்னேன். லட்சுமி போய்விடுவாள் என்று மறுத்துவிட்டார்.

ரிப்போர்ட் வாங்க பனியன் கம்பெனிக்காரர் மனைவியோடும் குழந்தையோடும் வந்தார். காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதே சந்தோஷத்தில் கிண்ணத்தில் விரலைத் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சோதனை போக மீந்திருந்த அவருடைய துணியைக் கொடுப்பதற்காகக் கையில் வைத்திருந்தேன். அதாலேயே அழுத்தித் துடைத்துவிட்டேன். அந்தத் துணியில் எது இருக்கக் கூடாது என்று பார்த்தோமோ அது இந்தக் குங்குமத்தில் நிறைய இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்தார்.

"குங்குமத்துக்கெல்லாம் எந்த பையருங்க ரிப்போர்ட் கேக்கறான்?"

பனியன் கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. என் கையில் சிவந்து கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்கொளந்தைக்கு யாருங்க மேடம் பையரு?"