தும்மிய மூட்டை

நான் பொய் சொல்லிப் பிடிபட்டது ஒரே ஒரு தடவைதான். பிடிபடாத பொய்கள் நிறைய உண்டு. அவற்றைப் பற்றி எனக்கு அவ்வளவாக வருத்தமில்லை. இந்த ஒன்றை மட்டும் எழுதிவைத்துவிட்டால் தேவலை என்று எண்பது வயதுக்கு மேல் தோன்றுகிறது. பெரிய விஷயமில்லை. ஒரு பூனை விஷயம்.

வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரே முற்றத்தைச் சுற்றி மூன்று குடித்தனங்கள் இருந்த வீட்டில் ஓர் அறையும் சமையல் இடமும் எங்களுடையவை. எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம். அவள் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். நான் காஞ்சிபுரத்துக்காரன், இன்டர்மீடியட் தேறியவன். தண்டையார்பேட்டை டோல்கேட் அருகே ஓர் ஏற்றுமதிக் கிடங்கில் மூட்டைகளுக்குக் குறி போடும் குமாஸ்தா வேலை.

கொழும்புக்குப் போகும் மிளகாய், கொத்தமல்லி மூட்டைகளின் மேல் கறுப்பு மையால் வியாபாரியின் குறியைப் போட வேண்டும். மற்றவர்கள் தகரத்தில் வெட்டிய அச்சை வைத்து மை தடவிவிட்டுப் போவார்கள். படித்தவனுக்கு அது கௌரவக் குறைச்சல் என்று எனக்கு ஓர் எண்ணம். தூரிகையை எடுத்துக் கையாலேயே போடுவேன்: ஒரு சாய்சதுரம், அதற்குள் மூன்று புள்ளி. என் சாய்சதுரம் எப்போதும் இடது பக்கமாகச் சரிந்து நிற்கும். "படிச்சவரு போட்ட குறி, குடிச்சவரு மாதிரி நிக்கிது" என்பார்கள் மூட்டை தூக்குபவர்கள். கிழிந்துபோன சாக்குகளை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எங்கள் பாய்க்கு அடியில், அடுப்புக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குடத்துக்குக் கீழே, எங்கு பார்த்தாலும் என் சரிந்த சாய்சதுரம்தான்.

அந்த வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தன. இரண்டுக்கும் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பூனை தங்காது என்பது என் மனைவியின் கட்சி.

ஒன்று சாம்பல் நிறக் கடுவன். மூன்று குடித்தனத்துக்கும் பொது. பக்கத்து அறையில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் குடியிருந்தார். அவர் வீட்டில் கஞ்சி முடித்து, எதிர்வீட்டில் கருவாட்டுத் துண்டு முடித்து, எங்கள் வாசலுக்கு வரும்போது அதன் முகத்தில் மூன்று நாள் பட்டினி தெரியும். என் மனைவி அதை 'அவரு' என்றுதான் சொல்வாள். "அவரு இன்னும் ஒண்ணும் சாப்பிடலயாம், பாருங்க." ஒரு நாள் தற்செயலாக மூன்று வீட்டாரும் ஒரே நேரத்தில் மூன்று ஓடுகளில் சோறு கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டார்கள். அது மூன்று ஓடுகளையும் பார்த்தது. மூன்று பெண்களையும் பார்த்தது. பிறகு மதில் மேல் ஏறி, கடலைப் பார்த்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது.

மற்றது வெள்ளைப் பெட்டை. ஒரு காது மட்டும் கறுப்பு. இது என் மனைவியின் பூனை. அவள் உட்கார்ந்தால் மடியில், நின்றால் காலடியில். என்னிடம் அதற்கு ஒரே ஒரு வழக்கம். சாயங்காலம் நான் கிடங்கிலிருந்து திரும்பியதும் வந்து என் வேட்டியை முகரும்; மிளகாய் நெடி ஏறியதும் ஒரு தும்மல் போடும்; என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடும். தினமும் தும்மல் வரும் என்று தெரிந்தும் தினமும் வந்து முகர்ந்தது.

காலையில் வேறு வழக்கம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கும் சமயம் பார்த்து, எங்கே படுத்திருந்தாலும் எழுந்துவந்து, எனக்குக் குறுக்கே நடக்கும். உள்ளிருந்து என் மனைவியின் குரல் வரும்.

"உள்ள வாங்க. குந்தி ஒரு வாய் தண்ணி குட்சிட்டுப் போங்க."

"உன் பூனைதானே?"

"யாரு பூனையா இருந்தா இன்னா? பூனை பூனைதான்."

கிரேன் ஓட்டுபவர் பல் துலக்கியபடி தீர்ப்புச் சொல்வார்: "வூட்டுப் பூனைக்கு சகுனம் கெடையாது சார். தெருப் பூனைதான் செல்லும்."

நான் சகுனம் பார்ப்பவர்களைக் கேலி செய்பவன். இருந்தாலும் உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன். நான் குடிப்பதை வேடிக்கை பார்க்க அது திரும்பவும் குறுக்கே வரும். சில நாள் மூன்று டம்ளர் ஆகும். கிடங்கில், "சார் வூட்ல பூனை இன்னும் உத்தரவு குடுக்கல போல" என்று பேசிக்கொள்வார்கள்.

இப்படியே இருந்திருக்கலாம். அந்த வருஷம் துறைமுகத்தில் நிரந்தர வேலை ஒன்றுக்கு எழுத்துத் தேர்வு வைத்தார்கள். நான் ஒரு மாதமாகப் படித்தேன். அப்படித்தான் என் மனைவி நினைத்தாள். கணக்குப் புத்தகத்துக்குள் துப்பறியும் நாவலை வைத்துப் படித்தேன் என்பதே உண்மை. தேர்வன்று காலை அந்தப் பூனை போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை குறுக்கே நடந்தது. இரண்டு டம்ளர் தண்ணீரோடு போய் எழுதினேன். தேறவில்லை.

"பூனையால் போச்சு" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பூனையைக் கொஞ்சம் திட்டினாள், எனக்குக் கேட்கும்படியாக. அதோடு நான் விட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வண்ணாரப்பேட்டைக்குத் தன் அம்மாவைப் பார்க்கப் போனாள். நான் கிடங்கிலிருந்து கொண்டுவந்திருந்த, அதிகம் கிழியாத ஒரு கொத்தமல்லிச் சாக்கின் வாயை விரித்துத் தரையில் வைத்தேன். பிடித்து அடைக்க வேண்டும் என்று கைக்குத் துண்டெல்லாம் சுற்றியிருந்தேன். தேவைப்படவில்லை. அது படுத்துப் பழகியதெல்லாம் இந்த மாதிரிச் சாக்கில்தானே? தானாகவே உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. நான் வாயைக் கட்டினேன்.

ராயபுரத்தில் எண்ணூர்ப் பாசஞ்சரில் ஏறி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். பூனை சத்தமே போடவில்லை. ஆனால் சாக்கில் கொத்தமல்லித் தூசு இருந்தது. திருவொற்றியூர் தாண்டியதும் மூட்டை தும்மியது.

எதிரே இருந்த பெரியவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, மூட்டைக்கு ஜலுப்பா?"

"கோழி" என்றேன்.

மூட்டை இன்னும் இரண்டு தும்மல் போட்டு, பிறகு நீளமாக ஒரு மியாவ் சொன்னது.

"ஒயுங்கா வளத்துகீற" என்றார் பெரியவர். "பாஷையெல்லாம் பேசுது."

எண்ணூரில் இறங்கி முகத்துவாரக்குப்பம் வரை நடந்தேன். பூனையைத் தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றி விட்டால் அதற்குத் திசை தெரியாது என்று கேள்விப்பட்டிருந்தேன். கரையோரம் ஆளில்லாத இடமாகப் பார்த்து மூன்று முறை சுற்றினேன். எனக்குத்தான் தலை சுற்றியது. கட்டை அவிழ்த்ததும் அது வெளியே வந்து, மணலில் உட்கார்ந்து, முகத்தைக் கழுவ ஆரம்பித்தது. கட்டுமரங்கள் பக்கமிருந்து யாரோ, "இன்னாபா அங்க?" என்று குரல் கொடுத்தார்கள். நான் ஓடினேன். ஸ்டேஷனுக்கு எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் திரும்பினேன். சாக்கு அங்கேயே கிடந்தது.

சாயங்காலம் மனைவி வந்து பூனை எங்கே என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். அவள் முகம் வாடுவதைப் பார்த்து, அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, விவரம் சேர்த்தேன். "ரயிலடியில் பார்த்தேன். கூட்ஸ் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு கடுவனோடு போய்க்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. வந்துவிடும்."

அதற்கு மறுநாளிலிருந்து அவள் ரயிலடிக்குப் போக ஆரம்பித்தாள். நான் வேலைக்குப் போன பிறகு, உச்சி வெயிலில், கொட்டாங்கச்சியில் சோறும் மீன்தலையும் எடுத்துக்கொண்டு போய் கூட்ஸ் வண்டிகளுக்கு நடுவே நின்று கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கிரேன் ஓட்டுபவர் சொல்லித்தான் தெரியும்.

"ஒங்க வூட்ல டெய்லி ரயிலடிக்கு போயிகினு கீறாங்களே சார். ஊர்லேர்ந்து யார்னா வர்றாங்களா?"

"பூனையைத் தேடுகிறாள்" என்றேன்.

"அடப் பாவமே. நான் அந்த வழியாத்தான வர்றேன். நானும் ஒரு கண்ணு பாக்கறேன்."

அப்படி இரண்டு பேர் தேடினார்கள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சாயங்காலம் அவள் என்னையும் அழைத்தாள். "ஆம்பளக் கொரல் தூரமா கேக்கும்" என்றாள். போனேன். தண்டவாளத்தின் ஓரம் நின்றுகொண்டு, வாயருகே கையைக் குவித்து, "பா, பா, பா" என்று நானும் கூப்பிட்டேன். கரித்தூள் மேல் அவள் கால் வெந்து கொப்புளம் போட்டிருந்தது. அதைப் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். வயதானவள். ஒரு வருஷமாக நாள் தவறாமல் எங்கள் வாசலில் கூடையை இறக்குவாள். வெள்ளைப் பூனைக்கு ஒரு சின்ன மீன் போடாமல் எழுந்ததில்லை. எந்த ஊரிலிருந்து வருகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மீன் கூடையிலிருந்து வருகிறது என்ற அளவில் என் அறிவு நின்றுவிட்டது. மகள் பிரசவத்துக்காக எங்கோ போயிருந்தவள், பூனை போன ஒன்பதாம் நாளோ என்னவோ, திரும்பி வந்தாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"தாயி, ஒம் பூனை எங்க கீதுன்னு தெரிமா ஒனுக்கு?"

என் மனைவி ஓடிவந்தாள்.

"எங்க முகத்துவாரக்குப்பத்துல கீது. நேத்து ராத்திரி வூட்டுக்கு வந்து பாக்கறேன், எங்க ஆளு பக்கத்துல மகாராணி கணக்கா குந்திகினு கீது. கறுப்புக் காதை வச்சி கண்டுகினேன். இட்டாரலாம்னா ஆம்பளைங்க உடமாட்டேன்றானுங்க. அது வந்ததுலேர்ந்து வலைக்கு நல்ல பாடாம், மீனு அள்ளிகினு வருதாம். இப்ப அது குறுக்க போனாத்தான் கட்டுமரத்த தள்றானுங்க. போவலைன்னா நின்னுகினு கீறானுங்க."

"அம்மாந் தூரம் எப்பிடிப் போச்சி?" என்றாள் என் மனைவி.

"எவனோ ஒரு கஸ்மாலம் இதுல கட்டிக் கொண்டாந்து கொட்டிட்டு ஓட்னானாம்." கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கை எடுத்து உதறினாள். "சாக்கு நல்லாகீதேன்னு நான் எடுத்துகினேன். இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாரி போவுது?"

என் மனைவி சாக்கை வாங்கித் திருப்பினாள். சாய்சதுரம், மூன்று புள்ளி. இடது பக்கம் சரிந்திருந்தது. அச்சு வைத்துப் போட்டிருந்தால் அது கிடங்கில் யார் போட்டதாகவும் இருக்கலாம். வீட்டில் எதற்குக் கீழே பார்த்தாலும் இருக்கும் அந்தக் குறியை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத்த நான் வச்சிக்கறேன் ஆயா" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் போகும் வரை காத்திருந்தாள்.

"அன்னைக்கி ரயிலடில நீங்களும் கூப்பிட்டீங்களே" என்றாள். "எத்த கூப்பிட்டீங்க?"

நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். அவள் சாக்கைத் துவைத்துக் காயவைத்து, குறி மேலே தெரியும்படி வாசற்படியில் மிதியடியாகப் போட்டாள். அந்த வாரம் முழுவதும் என் சாய்சதுரத்தின் மேல் கால் வைத்துத்தான் வேலைக்குப் போனேன். குறுக்கே வர ஒன்றுமில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சாப்பாடு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அதற்கு மேல் இல்லை. சனிக்கிழமை, "எனுக்கு அத்த பாக்கணும்" என்றாள்.

இருவருமாக எண்ணூர்ப் பாசஞ்சரில் போனோம். மீன்கார அம்மாளின் குடிசைக்கு முன்னால் வலை உலர்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் பூனை படுத்திருந்தது. பருத்திருந்தது. என் மனைவியைக் கண்டதும் எழுந்துவந்து, அவள் உட்காருவதற்குள் மடியில் ஏறிவிட்டது. அவள் அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, கட்டுமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது இறங்கி என்னிடம் வந்தது. வேட்டியை முகர்ந்தது. துவைத்த வேட்டிதான். ஆனாலும் தும்மியது. அப்புறம் எனக்குக் குறுக்கே நடந்துபோய் ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தது.

வைக்கப்போன காலை நான் அப்படியே நிறுத்திக்கொண்டு நின்றேன். பழக்கம்.

"ஆயா, ஒரு சொம்பு தண்ணி குடு" என்றாள் என் மனைவி. "அவரு குடிக்காம நகர மாட்டாரு."

அந்த வாரத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அந்த அம்மாள் சொம்போடு வந்தாள். "எங்க தண்ணி கரிக்கும் நைனா" என்றாள். கரித்தது. மணலில் உட்கார்ந்து முழுச் சொம்பும் குடித்தேன்.

"இட்டுகினு போவலியா தாயி? நான் வோணா எங்க ஆளுங்க கைல சொல்றேன்."

"வேணாம். அங்க மூட்டை கட்ற ஆளு ஒருத்தரு கீறாரு."

மீன்கார அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெற்றிலைச் சாற்றைத் தள்ளிப் போய்த் துப்பிவிட்டு வந்து சிரித்தாள். கஸ்மாலம் யார் என்று தெரிந்துகொண்ட பிறகும் என்னை நைனா என்றேதான் கூப்பிட்டாள்.

அங்கேயாவது நான் சொல்லியிருக்கலாம். தேர்வில் தவறியது துப்பறியும் நாவலால்தான் என்றும், ரயிலடியில் நான் எதையும் பார்க்கவில்லை என்றும். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதே, வாயால் வேறு சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டேன். பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக இருந்தோம். எத்தனையோ பூனைகள் வந்துபோயின. அவள் என்னிடம் அதைப் பற்றிச் சண்டை போட்டதே இல்லை. நான் தாமதமாக வந்து, கொஞ்சம் விவரமாகக் காரணம் சொல்லத் தொடங்கினால் மட்டும், கையிலிருக்கும் வேலையிலிருந்து நிமிராமல் கேட்பாள்: "ரயிலடிலயா?" பெரும்பாலும் நான் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனாலும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

அவள் போய்ப் பல வருஷமாகிறது. ரயிலடியில் எதைக் கூப்பிட்டேன் என்று அன்று நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். நான் அங்கே எதையும் கூப்பிடவில்லை. உன் காலைப் பார்த்துக்கொண்டேதான் கூப்பிட்டேன்.