அப்பாவின் கோப்புக்கு ஓர் எண்

எங்கள் கோயில் பங்கில் யாரும் குடித்துச் செத்ததில்லை. எல்லாரும் காமாலையில்தான் போனார்கள். 1981இல் இயேசுதாசனும் அப்படித்தான் போனார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். கோயிலில் செபமாலை சொன்னால் கடைசி பெஞ்சு வரை கேட்கும். அடக்கத்துக்குப் போன எங்களுக்கெல்லாம் உண்மை தெரியும். தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்வதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அவருடைய மூத்த மகள் பிரிஜட். பகலில் தட்டச்சு வேலை, மாலையில் வகுப்பு என்று ஒன்றரை ஆண்டு படித்து, 1984இல் நோய்க் குறியீட்டுச் சான்றிதழ் வாங்கினாள். நோயாளியின் கோப்பைப் படித்து, டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய எண்ணைப் பெரிய புத்தகத்தில் தேடிப் போடும் வேலை அது. மூன்று மருத்துவமனைகள் அனுபவம் இல்லை என்று கைவிரித்துவிட்டன. நான்காவது இடத்தில், இரண்டு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இருந்த வேலையை உதறிவிட்டுப் போனாள். இது போனால் வேறு கதி இல்லை.

அப்பா கடைசியாகக் கிடந்த மருத்துவமனையும் அதுதான். நான்கு ஆண்டுக் கோப்புகள் எண் போடாமல் அங்கே தேங்கிக் கிடந்தன. அப்பாவின் கோப்பும் அதில் இருக்கும் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். வேலை கிடைக்குமா என்ற தவிப்பில் உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கோப்புக் கட்டைப் பிரித்தால், மேலேயே அப்பா.

மூன்றாம் பக்கத்தில், இருபது ஆண்டு மதுப்பழக்கம், கல்லீரல் சுருக்கம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அதற்கு எண் 571.2. கோப்பில் மது என்ற பேச்சே இல்லாவிட்டால் 571.5. பிரிஜட் யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். 571.5 என்று எழுதிக் கோப்பைக் கட்டின் நடுவில் செருகினாள்.

மேற்பார்வையாளர் சாயிரா பானு பத்துக்கு ஒரு கோப்பை உருவிச் சரிபார்ப்பார். எங்கிருந்து எண்ணத் தொடங்குவார் என்பது யாருக்கும் தெரியாது. அன்று மாலை அவர் கையில் வந்தது அந்தக் கோப்பு.

"டாக்டர் மூணாவது பக்கத்துல குடின்னு கிளியரா எழுதியிருக்காரே, பாக்கலையா?"

"ஹேண்ட்ரைட்டிங் புரியல மேடம்."

அந்த டாக்டரின் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். சொன்ன வாய் மூடுவதற்குள் பிரிஜட்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சாயிரா பானு அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து அவளுடைய விண்ணப்பத்தை எடுத்தார். இந்த ஊரில் தமிழர் பேரோடு தகப்பன் பேரும் ஒட்டிக்கொண்டே வரும், ஒளிக்க வழியில்லை.

"உங்க அப்பாவா?"

தலையை மட்டும் ஆட்டினாள். அந்த அம்மாள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவரோ பதிவேட்டைப் புரட்டி விரல் வைத்து எண்ணினார்.

"இந்த ஒம்பது நாள்ல பதினோரு பேருக்குக் குடின்னு நம்பர் போட்டிருக்கீங்க. ஒண்ணுகூடத் தப்பில்ல. அவங்களுக்கும் பிள்ளைங்க இருக்காங்க லா."

பதினொருவரில் ஒருவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். யார் என்று இன்றுவரை பிரிஜட் என்னிடம் சொன்னதில்லை. அவருக்கு எண் போடும்போது, இவரும் காமாலைதானா என்று உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள். அப்பா குடித்ததைவிட, பொய் சொன்னதைவிட, அந்தச் சிரிப்புதான் அவளைக் கூனிக் குறுக வைத்தது.

"வைங்க, நான் மாத்திக்கிறேன்," என்றார் சாயிரா பானு.

"நானே மாத்துறேன் மேடம்."

பழைய எண்ணை ஒரே கோட்டால் அடித்து, 571.2 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"சொந்தக்காரங்க ஃபைல் வந்தா என்கிட்ட கொடுத்துடணும். இன்னொரு தடவ இப்படிப் பார்த்தேன்னா அனுப்பிடுவேன். மண்டே வாங்க, லெட்டர் ரெடியா இருக்கும்."

வேலை கிடைத்துவிட்டது. பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள். அம்மா ரோசம்மா சமையலறையில் தேக்கா சந்தையில் வாங்கிய மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். வேலை கிடைத்ததைச் சொன்ன கையோடு கோப்பைப் பற்றியும் சொன்னாள்.

"என்னன்னு எழுதின?"

"உள்ளதத்தாம்மா. குடின்னு."

கத்துவார், அழுவார் என்று காத்து நின்றாள். அம்மா மீனை விட்டுக் கையெடுக்கவில்லை.

"வெளிய போனா ரோட்டுல விழுந்து கெடப்பாரு, நாலு பேரு பாப்பாங்க. அந்த மானத்துக்குப் பயந்து, இருபது வருஷமும் நான்தான் பாட்டில் வாங்கி வந்து ஊத்திக் கொடுத்தேன்," என்றார். "அதுக்கு ஒரு நம்பர் இருக்கா உன் புஸ்தகத்துல?"

"இல்லம்மா," என்றாள் பிரிஜட்.