ஜடாமுனியில் பேஸ் வாசித்தவர்

மலேசியாவில், கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் கார்த்திகேசுவை அந்த வட்டாரத்துப் பெற்றோர்களுக்கெல்லாம் தெரியும். அதிர்ந்து பேசாத மனிதர், பிள்ளைகளை அதட்டாதவர், ஹார்னைக்கூட அநாவசியமாக அடிக்காதவர் என்று பெயர். அந்த மனிதர்தான் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக 'ஜடாமுனி' என்ற த்ராஷ் மெட்டல் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சொல்லாமல் இருப்பதும் நல்லது. சொன்னால் மறுநாளே பிள்ளைகளை வேறு வேனில் ஏற்றிவிடுவார்கள்.

த்ராஷ் மெட்டல் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு ஓடும் இசை அது. பாடுகிறவர் நம்மோடு சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். பிடித்தவர்களுக்கு அதுதான் உயிர், பிடிக்காதவர்களுக்கு மண்டையிடி. அந்த இரைச்சலில் யார் காதிலும் விழாத வாத்தியம் ஒன்று உண்டென்றால் அது பேஸ் கிட்டார்தான். விழாவிட்டாலும் அது இல்லாமல் முடியாது, வீட்டுக்கு அடியில் போட்ட சிமெண்டு மாதிரி.

அந்த வாத்தியம் கார்த்திகேசுவின் தலையில் வந்து விழுந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரே தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்த மூன்று பையன்கள் சேர்ந்து குழு ஆரம்பித்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸைச் சேர்ந்த விமலனுக்குத் தொண்டை இருந்தது, வாய் அதைவிடப் பெரிதாக இருந்தது; அவன் பாடவும் கிட்டார் வாசிக்கவும் எடுத்துக்கொண்டான். சுங்கை வேயைச் சேர்ந்த சபாபதி தைப்பூசத்துக்கு உறுமி மேளக் குழுவோடு போய் அடித்துப் பழகியவன். டிரம்ஸ் அவனுக்குப் போனது. மிச்சம் இருந்தது பேஸ். மிச்சம் இருந்தவன் கார்த்திகேசு. அவன் மறுத்துப் பேசத் தெரியாதவன். அந்தக் குணம் இன்றுவரை மாறவில்லை, அதுதான் அவருடைய வியாதியே.

அவர்கள் முதல்முதலாக மேடையேறியது கேரி தீவில், ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில். ஜடாமுனி என்ற பெயரைப் பார்த்துவிட்டு, பக்திப் பாடல் குழு என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டார்கள். இவர்களும் மேடை கிடைத்தால் போதும் என்று வாயைத் திறக்கவில்லை. விமலன் முதல் பாட்டை ஆரம்பித்ததும் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். கோயில் தலைவர் மைக்கைப் பிடுங்க எழுந்துவிட்டார். அதற்குள் முன்வரிசையில் ஒரு அம்மாவுக்கு அருள் வந்து ஆட ஆரம்பித்துவிட்டது. சாமி வந்தபிறகு அடியை நிறுத்தக்கூடாது, மலையேறும்வரை அடித்தே ஆகவேண்டும் என்பது உறுமிக்காரனான சபாபதிக்குத் தெரியும். நிறுத்தவே இல்லை. பாட்டின் ஒரே துண்டை மூவரும் கை ஒடியும்வரை திரும்பத் திரும்ப வாசித்தார்கள். சாமி மலையேறியதும் பூசாரி வந்து மூன்று பேர் நெற்றியிலும் திருநீறு பூசி, "பாட்டுதான் புரியல, அடி நல்ல அடி" என்றார். ஜடாமுனிக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். அதைவிட நல்லதாக ஒன்று பிறகும் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாக் குழுக்களுக்கும் நடப்பதுதான் இவர்களுக்கும் நடந்தது. மெட்டல் என்றாலே பிசாசு வழிபாடு என்று பத்திரிகைகள் எழுதிய காலம் ஒன்று வந்தது. ஒரு நிகழ்ச்சியில் போலீஸ் புகுந்து, சபாபதியின் அம்மா திருஷ்டிக்காக டிரம்ஸில் கட்டிவிட்ட எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் பார்த்துவிட்டு, இது என்ன பூஜை என்று சாயங்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பக்திக் கேசட்டுகள் பதிவு செய்யும் ஒரு ஸ்டூடியோவில் முதல் கேசட் பதிவானது. பேஸைக் கொஞ்சம் குறைத்தால் கிட்டார் எடுபடும் என்றார் ஒலிப்பதிவாளர். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார். அந்தக் கேசட்டை ஆசையாக வாங்கிப் போய்க் கேட்ட கார்த்திகேசுவின் மச்சினன், "அத்தான், இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தேடியிருக்கிறான்.

பிறகு விமலன் கல்யாணம் செய்துகொண்டு பெர்த் போய்விட்டான். சபாபதியும் கார்த்திகேசுவும் ஆள் மாற்றி ஆள் போட்டுக் குழுவை இழுத்தார்கள். வந்த கிட்டார்காரர்களுக்குக் கணக்கே இல்லை. ஒருவன் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டான், ஒருவன் கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசிக்கப் போய்விட்டான். கடைசியில் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஜைத் வந்தான். நல்ல கை, நல்ல பையன், நிலைத்துவிட்டான். வாத்தியங்களை ஏற்ற கார்த்திகேசுவின் பள்ளிக்கூட வேன் இருந்தது. ஈப்போ, பினாங்கு, ஜொகூர் என்று அந்த வேன் போகாத ஊர் இல்லை. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் ஏறி, "அங்கிள், வேன்ல சிகரெட் வாசம்" என்று மூக்கைப் பிடிப்பார்கள்.

இதெல்லாம் சந்தோஷமான களைப்பு. மற்றக் களைப்பு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது.

ஒரு ஒத்திகையில் சபாபதி மூன்று முறை தப்பான இடத்தில் நுழைந்தார். பாட்டு மறந்துபோச்சா என்று ஜைத் சிரித்தான். அன்று கார்த்திகேசு சபாபதியை வேனில் சுங்கை வேயில் இறக்கிவிடப் போனார். வீட்டு வாசலில் இறங்கும் முன் சபாபதி அவர் தோளைத் தொட்டார்.

"மச்சான், எனக்குக் காது போயிருச்சுடா. எந்நேரமும் ங்ஙீ...ன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். கிட்டார் எங்க போவுதுன்னே தெரியல."

பகல் முழுக்கத் தொழிற்சாலையில் தகடு வெட்டும் இயந்திரம், வார இறுதியில் டிரம்ஸ். காது எத்தனை நாளைக்குத் தாங்கும்? டாக்டர் பார்த்துவிட்டு, காதுக்கு மெஷின் மாட்டிக்கொள்ளுங்கள், டிரம்ஸை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

"விட்டுட்டா நான் என்னடா பண்ணுவேன்?" என்றார் சபாபதி. "நான் அடிக்கிறது எனக்கு உடம்புல தெரியுது. நீங்க எங்க இருக்கீங்கன்னு மட்டும்தான் தெரியணும். நீ என் பக்கத்துல நில்லு. உன் வலது கை எனக்குத் தெரியற மாதிரி நில்லு. மத்தத நான் பாத்துக்கறேன். யாருகிட்டயும் சொல்லிராத."

கார்த்திகேசு சரி என்றார். வேறு என்ன சொல்வார்?

அன்றிலிருந்து அவர் மேடையில் கூட்டத்தைப் பார்த்து நின்றதில்லை. டிரம்ஸுக்குப் பக்கவாட்டில், முதுகைப் பாதி காட்டிக்கொண்டு, வலது கையை சபாபதிக்குக் காட்டிக்கொண்டு நிற்பார். திமிர் பிடித்தவர் என்றார்கள் சிலர். கூச்ச சுபாவம் என்றார்கள் சிலர். பாட்டு எடுக்கும்போது அந்தக் கையைச் சற்று உயர்த்துவார், திருப்பம் வரும்போது மணிக்கட்டை வெட்டுவார், நிறுத்தும் இடத்தில் விரல்களை மடக்குவார். சபாபதியின் கண் அந்தக் கையை விட்டு விலகாது. அடி ஒன்றுகூடப் பிசகாது. பேச்சை உதட்டசைவில் பிடித்துக்கொள்ளவும் சபாபதி பழகிவிட்டார், அதனால் ஜைத்துக்கும் தெரியாது, கார்த்திகேசுவின் மனைவி அமுதவள்ளிக்கும் தெரியாது.

அந்தக் கைதான் இப்போது ஓய்ந்துபோனது. காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சுண்டி இழுக்கும். சாயங்காலம் தேநீர்க் கோப்பையை இடது கையால்தான் தூக்கினார். தான் வேலை பார்க்கும் கிளினிக்கிலேயே அமுதவள்ளி அவரைக் கூட்டிப்போய்க் காட்டினாள். தசைநார் வீக்கம், ஓய்வு கொடுக்காவிட்டால் கை மடங்காமல் போய்விடும் என்றார்கள். வேன் ஓட்டவும் முடியாது.

"ரசிகர் கூட்டமா இருக்கு உங்களுக்கு? ஊரே அழுவப்போவுதா?" என்று அமுதவள்ளி கேட்டாள். "யாருக்குங்க இந்தப் பாடு?"

விட்டுவிட வேண்டும் என்றுதான் கார்த்திகேசுவுக்கும் ஆசை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் படுத்துத் தூங்க வேண்டும் என்று ஆசை. ஆனால் அவர் நின்றுவிட்டால் வேறொரு பேஸ்காரன் வருவான், முன்னால் போய் நின்று தலையை ஆட்டுவான், முதல் ஒத்திகையிலேயே சபாபதியின் குட்டு உடையும். அதோடு அந்த மனிதனின் வாழ்க்கையில் மிச்சம் இருக்கும் ஒரே சந்தோஷம் போய்விடும். சபாபதி கல்யாணம்கூடச் செய்துகொள்ளாதவர். கார்த்திகேசுவுக்குச் சில நாள் சபாபதிமேல் கோபம்கூட வந்தது. இவனுக்குக் காது போனதற்கு நான் என்ன செய்வேன் என்று வேன் ஓட்டும்போது தனக்குத்தானே முணுமுணுப்பார். பிறகு அப்படி நினைத்ததற்காக வெட்கப்படுவார்.

இந்த நேரம் பார்த்து விமலன் பெர்த்திலிருந்து வந்து இறங்கினான். முதல் கேசட்டை யாரோ இணையத்தில் ஏற்றிவிட, வெளிநாட்டில் நாலு பேர் கேட்டு ஆகா ஓகோ என்று எழுதியிருந்தார்களாம். கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிகழ்ச்சி, பழைய பாட்டு அத்தனையும், பழைய வேகத்திலேயே, என்றான்.

"ஒரு பாட்டுகூட ஸ்லோவா போவக்கூடாது பாஸ். பசங்க போன்ல பிடிச்சுப் போடுவாங்க. மானம் போயிரும்."

கார்த்திகேசு இந்த நிகழ்ச்சி முடிந்ததும் சபாபதியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை. பல நாள் வேனில் தனியாக வரும்போது சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் கழுத்தை அறுக்கிற மாதிரிதான் இருந்தது.

அன்று மாடி நிறைந்த கூட்டம். தொப்பை வைத்த பழைய ரசிகர்கள், அவர்களோடு வந்த பிள்ளைகள். இரண்டு பாட்டு நன்றாகவே போனது. மூன்றாவது பாட்டின் நடுவில் கார்த்திகேசுவின் பேஸ் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்பிலிருந்து கருகிய வாடை வந்தது, அதன் விளக்கு அணைந்தது, செத்துப்போனது. வெளியே ஒருவரும் கவனிக்கவில்லை. ஒலி பார்க்கும் ஆள் மட்டும் பார்த்துவிட்டு, மாற்று ஆம்ப் இல்லை, இறங்கி வந்துவிடு என்று கை காட்டினான். இறங்கிப் போயிருக்கலாம். கைக்கும் ஓய்வு, கூட்டத்துக்கும் நஷ்டமில்லை. ஆனால் சபாபதியின் கண் அவர் கையில் இருந்தது. கார்த்திகேசு சத்தமே இல்லாத பேஸை விடாமல் வாசித்தார், அடுத்த பாட்டும், அதற்கடுத்த பாட்டும்.

கடைசிப் பாட்டுதான் இருப்பதிலேயே வேகமானது. பாதி தாண்டியதும் முழங்கை இறுகிப்போனது. விரல் சொன்னபடி கேட்கவில்லை. பல்லைக் கடித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, கை தளர்ந்துகொண்டே போனது. இனி சபாபதி தடுமாறுவான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். சபாபதி தடுமாறவில்லை. கார்த்திகேசுவின் கையோடு சேர்ந்து அவரும் வேகத்தை இறக்கினார். ஜைத் திகைத்துப் பார்த்துவிட்டுக் கூடவே இறங்கினான். விமலன் திரும்பி முறைத்தான், வேறு வழியில்லாமல் அவனும் இறங்கினான். மெட்டல் வழக்கப்படி வட்டமாக ஓடி மோதிக்கொண்டிருந்த கூட்டம் நின்று தலையை மட்டும் மெதுவாக ஆட்டியது. பாட்டு ஒரு வழியாக நடந்து முடிந்தது.

மேடைக்குப் பின்னால் வந்ததும் விமலன் பிடித்துக்கொண்டான்.

"யாருடா ஸ்லோ பண்ணது? அவ்வளவு சொன்னேன்ல?"

"நான்தான்," என்றார் கார்த்திகேசு.

"நீ எப்படிடா? உன் ஆம்ப்தான் எப்பவோ செத்துப்போச்சே. இவன்தான் இழுத்துட்டான்." விமலன் மேடையில் கிடந்த ஆம்பையும் பிறகு சபாபதியையும் கை நீட்டிக் காட்டினான்.

சபாபதிக்கு என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. முகங்களை மாறி மாறிப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"விமலா, எனக்குக் காது கேக்காதுடா," என்றார். சத்தம் தெரியாததால் அறையே அதிரும்படி சொன்னார். "ஒம்பது வருஷமாச்சு. இவன் கையப் பாத்துத்தான் அடிக்கிறேன். அந்தக் கைக்கு வலின்னு எனக்கு எப்பவோ தெரியும். இவன் வாயத் தொறந்து சொல்லுவான் சொல்லுவான்னு பாத்தேன், சொல்லவே மாட்றான். நாந்தான் சுயநலமா இருந்துட்டேன். இன்னிக்கு அது அழுதுச்சு, அதான் நானும் மெல்லப் போய்ட்டேன். போதும் லா. வேற ஆளு பாத்துக்கோ. நாங்க ரெண்டு பேரும் நிறுத்திக்கிறோம்."

விமலன் கிட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தான். ஜைத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எப்போது விடுதலை கிடைக்கும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவர் கார்த்திகேசு. கிடைத்துவிட்டது. வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். சபாபதி வந்து முன்னால் குந்தினார், உதடு தெரியும்படி முகத்தை நேரே வைத்துக்கொண்டார்.

"அவன் கோவமா என்னமோ சொன்னானே, உன் ஆம்பக் கையால காட்டிக் காட்டி. என்ன ஆச்சு?"

"மூணாவது பாட்டுலயே செத்துப்போச்சுடா," என்றார் கார்த்திகேசு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. "அதுக்கப்புறம் என் பேஸ் யாருக்கும் கேக்கல."

சபாபதி நம்பவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தார்.

"பொய் சொல்லாத லா. எனக்குக் கடைசி வரைக்கும் கேட்டுச்சே."