வாசலோரத்து வெள்ளைச் சுவர்

இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த சாந்தை ஆணி முனை சுரண்டிக்கொண்டிருந்தது. நேற்று அதே கைகள் அடைத்த சாந்து. உள்ளே ஈரம் மிச்சம் இருந்ததால் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. கல்லின் விளிம்பில் ஆணி பட்டுவிடக் கூடாது. வெள்ளைக் கல்லில் ஒரு சில்லு போனாலும் பல் உடைந்த வாய் மாதிரி தெரியும். அந்தப் பயத்தில் விரல்கள் விறைத்துப் போயிருந்தன.

கூட வேலை செய்பவர்கள் அந்தக் கொத்தனாரைக் ‘காயட்டும்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வரும் சொல் அது. சாந்து சுமந்தபடியே பார்த்துப் பழகியவர். பிறர் கட்டிய சுவர்களை மழைக்குப் பிறகும் வெயிலுக்குப் பிறகும் போய்ப் பார்த்து, எது ஏன் வெளுத்தது என்று தானாகவே தெரிந்துகொண்டவர்.

இது தங்கையின் வீடு. வெளிச்சுவர் வெள்ளைக் கல்லில்தான் வேண்டும் என்றவளும் அவள்தான். அண்ணன்தான் கட்ட வேண்டும் என்று புருஷனோடு மல்லுக்கு நின்றவளும் அவள்தான். லாரி ஓட்டும் மாப்பிள்ளைக்கு இரண்டிலும் இஷ்டமில்லை.

கல் இறங்கியதும் கொத்தனார் மூன்று நிறச் சாந்தில் மூன்று துண்டுச் சுவர் கட்டிக் காட்டினார்.

“சாம்பல் கலரே போடுங்க மச்சான். அழுக்கு தெரியாது” என்றார் மாப்பிள்ளை.

“கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருக்கும்” என்றாள் தங்கை.

“ஈரத்துல எதையும் சொல்லாதீங்க. காயட்டும்.”

“உங்கண்ணன் பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் சொன்னாரா?”

“அதான் நல்ல அண்ணியா அமைஞ்சாங்க. எங்க வீட்ல அவசரப்பட்டது என் கல்யாணத்துல மட்டும்தான்.”

காய்ந்த பிறகு, தூய வெள்ளைச் சாந்து கல்லோடு கலந்து மொழுக்கென்று இருந்தது. சாம்பல் சாந்து கோடு கோடாகத் துருத்தியது. பாலாடை நிறத்தில் இருந்ததைத் தங்கை தொட்டாள்.

“பின்னால அழுக்குப் புடிச்சா அண்ணனும் தங்கச்சியும் உக்காந்து தேயுங்க” என்று மாப்பிள்ளை போய்விட்டார்.

நேற்று வாசலோரத்துக் கல் இடுக்குகளை அடைக்கும்போது மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்று பேச்சுக் கொடுத்தார். அதற்குள் சட்டியில் சாந்து இறுகிவிட்டது. இறுகினால் கொட்டிவிடுவதுதான் கொத்தனாரின் வழக்கம். வெள்ளை சிமெண்டை மண்ணில் கொட்டுவதா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து, தண்ணீர் தெளித்துக் கிளறி அடைத்துவிட்டார்.

அப்படி இளக்கிய சாந்து காயும்போது வெளிறிவிடும். சுவரெல்லாம் ஒரு நிறம், வாசலோரம் மட்டும் தேமல். ஆசிட் ஊற்றிக் கழுவினால் கல்லே மஞ்சளடிக்கும். கொத்தனார் வேலை முடிந்து போய்விடுவார். வாசலைத் தாண்டும்போதெல்லாம் பேச்சு வாங்கப்போவது தங்கை. இரவு முழுக்க அதே நினைப்பு.

“நேத்து போட்டத ஏன் மச்சான் நோண்டுறீங்க?”

பின்னால் மாப்பிள்ளை. ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது.

“இறுகுன சாந்துல தண்ணி விட்டுட்டேன் மாப்ள. வெளுத்துரும்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான். கொட்டுனா நீங்க எதாவது சொல்லுவீங்கன்னு.”

மாப்பிள்ளை உள்ளே போனார். உள்ளே தாழ்ந்த குரலில் பேச்சு நடந்தது. என்ன என்று பிடிபடவில்லை. கொத்தனார் மிச்சத்தையும் சுரண்டி எடுத்தார். புதுக் கலவை குழைத்து அடைத்து, ஈரச் சாக்குப் போட்டு மூடினார். புதிதாக அடைத்தது மற்ற சுவரோடு நிறம் சேராமலும் போகலாம். சாக்கை விலக்கிப் பார்க்கக் கை போகும், பார்க்காமலே திரும்பிவிடுவார்.

சுவர் நன்றாகக் காய்ந்த பின் ஒரு சாயங்காலம் இருவரையும் கூப்பிட்டார். மாப்பிள்ளை கிட்டே போனார், தள்ளி நின்று பார்த்தார். தங்கை சுவரைப் பார்க்கவில்லை, புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்த இடம் மச்சான்?”

கொத்தனார் தொட்டுக் காட்டினார்.

“எனக்கு வித்தியாசம் தெரியலையே.”

“காலை வெயில் சாய்வா விழும்போது பாருங்க. லேசா தெரியும்.”

“தெரியலன்னா விடேண்ணா, நீ ஒரு ஆளு” என்றாள் தங்கை.

மாப்பிள்ளை அந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். “இருந்துட்டுப் போகுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

கொத்தனார் மிச்சமிருந்த மணலைச் சலித்துக் கட்டிவைத்திருந்தார். “பின்னால ஒரு கல்ல மாத்த வேண்டி வந்தாலும் இந்த மணலத்தான் போடணும், மாப்ள. அப்பத்தான் சாந்து இதே கலர்ல வரும்” என்று மூட்டையை நீட்டினார். மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.