கைப்பிடியில் கட்டிய மஞ்சள் கயிறு

"ஏனுங்க, மேல இருந்து குதிக்கறப்ப பயமா இருக்காதுங்களா?" என்று கேட்பவர்களிடம் இருக்கும் என்றுதான் சொல்வேன். என் வயதுப் பெண்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறார்கள். நானும் தேய்க்கிறேன். தேய்த்துவிட்டுப் போய் விமானத்தில் ஏறுகிறேன், அவ்வளவுதான். அடுத்த கேள்வி எப்போதும் "பாராசூட் விரியாட்டி என்னுங்க பண்ணுவீங்க?" என்பதுதான். கல்யாணப் பந்தியில் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கேட்பார்கள். எரிச்சலாகத்தான் வரும், இருந்தாலும் சொல்லுவேன்.

முதுகுப் பை ஒன்றுதான், அதற்குள் பாராசூட் இரண்டு. பெரியது முறுக்கிக்கொண்டால் மார்பின் வலது பக்கம் இருக்கிற சிவப்புப் பிடியை இழுத்து அதைக் கழற்றிவிட வேண்டும். உடனே இடது பக்கத்து உலோகக் கைப்பிடியை இழுத்தால் இரண்டாவது விரியும். தரைக்கு அருகே இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் தானாகவே திறந்துவிடுகிற கருவியும் உண்டு. அது இருக்கிறதே என்று நம் கையைச் சும்மா வைத்திருக்கக் கூடாது. காலணிக் கயிற்றின் நுனிகூட வெளியே தொங்கக் கூடாது. இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், ஏறுவதற்கு முன் இன்னொருவர் நம்மைத் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். நம் முதுகு நமக்குத் தெரியாது. பழகப் பழக நம் மார்பும் நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. என்னைக் கேட்டால், பார்க்கிறவர் கொஞ்சம் வாய்க்காரராக இருப்பது நல்லது.

எனக்குக் கிடைத்தவள் பொள்ளாச்சிக்காரி. என்னோடு குதிக்கிறவள், கொப்பரை வியாபாரம். என்னைவிட இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற கை அவளுக்கு. என் பட்டையையும் கொக்கியையும் அதே மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டு, இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்ப்பாள். "போதும் விடு புள்ள, என்னைய என்ன ஏலத்துக்கா உடப்போற?" என்று கத்துவேன். காதிலேயே வாங்க மாட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு வளைகுடாவில் வேலை இருந்த வருஷங்களில் நான் அங்கேதான் குதிக்கக் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பிய பிறகு அவர் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை போட்டார். மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறோம், நல்லபடியாக ஓடுகிறது. நான் குதிக்கப் போவதை அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. போய்வா என்றும் சொன்னதில்லை. பாராசூட் முகாம் நடக்கிற வாரங்களில் அவருக்குச் சோறு பாதிதான் இறங்கும். அது எனக்குத் தெரியும், நான் தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

அந்த வருஷம் முகாமுக்குச் சற்று முன்னால் ஆயுத பூஜை வந்தது. பட்டறை நோம்பி என்றால் எங்களுக்குத் தீபாவளி மாதிரி. லேத், டிரில்லிங் மெஷின், கம்ப்ரசர், வேன் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒவ்வொரு மெஷினிலும் கை வைக்கிற இடத்தில் மஞ்சள் கயிறு கட்டுவார். என் பையையும் கொண்டுவரச் சொன்னார். "அதுவும் உன்ற மெஷின்தான?" என்றார். பிறகு, அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"எல்லாம் கைவிட்டுப் போச்சுன்னா, கடைசியா எதைய நம்பிப் புடிப்ப?"

இடது பக்கத்துக் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினேன். ஆசையாகக் கேட்கிறாரே என்று எனக்கு ஒரே பூரிப்பு. சர்க்கரைப் பொங்கல் அடிபிடிக்கிற வாசம் வரவே உள்ளே ஓடினேன்.

முகாமுக்குக் கிளம்பும்போது சந்தனத்தைத் துடைத்தேன். கைப்பிடியில் மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. பிடியில் சுற்றிய கயிறு, பிடியோடு வந்துவிடும் என்று அப்படியே விட்டேன். கட்டினவர் அவராயிற்றே, அவிழ்க்க மனசு வரவில்லை.

முகாம் ஒரு பழைய ஓடுதளத்தில் நடந்தது. வடக்கே பார்த்தால் சத்தியமங்கலத்து மலை தெரியும். விமானம் தயாராக நின்றது. வழக்கம்போல் பொள்ளாச்சிக்காரி என் முன்னால் வந்து நின்றாள். அவள் விரல் இடது கைப்பிடியில் நின்றுவிட்டது.

"இதென்னுங்க்கா?"

"ஆயுத பூஜைக்கு மாமா கட்டுனது. இருக்கட்டும் விடு."

"புடியில மட்டும் கட்டலீங்க. பட்டையோட சேத்துக் கட்டியிருக்குது. இழுத்தா வராதுங்க்கா."

குனிந்து பார்த்தேன். கைப்பிடியையும் பையின் பட்டையையும் சேர்த்து, பல சுற்று சுற்றி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டிருந்தார். கடைசியில் நான் பிடிக்கப்போவது எதுவோ அது நழுவிவிடக் கூடாது என்று கட்டியிருக்கிறார் மனுஷன்! பலமாக இழுத்தால் அறுந்திருக்கலாம், அறாமலும் போயிருக்கலாம். வானத்தில் இந்த 'லாம்' எதற்கும் ஆகாது.

பட்டை அறுக்கிற சிறு கத்தி அவளிடம் இருந்தது. கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். புருஷன் கட்டின மஞ்சள் கயிறு. அவளுக்கும் அறுக்கக் கை வரவில்லை, எனக்கும் அறு என்று சொல்ல வாய் வரவில்லை. வெளிநாட்டில் படித்ததெல்லாம் எங்கே போனதோ! விமானத்தில் ஏறிவிட்டவர்கள் கையாட்டிக் கூப்பிட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அட கெரகமே! ஒரு நூலுக்கு இத்தனை அழும்பா? நான் ஏறறேன், தள்ளு."

"ஏற உடமாட்டனுங்க. நீங்க என்ன வேணாலும் வையுங்க."

வைதேன், நன்றாகவே வைதேன். அவள் பையை என் தோளிலிருந்து இறக்கி, மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நகத்தால் முடிச்சை நெருட ஆரம்பித்தாள். விமானம் எங்களை விட்டுவிட்டுப் போனது. தன் முறையையும் அவள் எனக்காக விட்டாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் கயிற்றை என் மணிக்கட்டில் கட்டி, நுனியைக் கையுறைக்குள் செருகினாள். "இப்ப போலாம் வாங்க" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அடுத்த முறை விமானம் ஏறியபோது குதித்தோம். பெரிய பாராசூட் விரிந்தது, விரிந்த வேகத்தில் ஒரு பக்கம் சுருண்டு என்னைப் பம்பரமாகச் சுழற்றியது. கால்கள் வெளியே வீசின. சிவப்பை இழுத்துப் பெரியதைக் கழற்றிவிட்டேன். இடது கையால் உலோகக் கைப்பிடியை இழுத்தேன். வெண்ணெயில் சொருகியிருந்த மாதிரி வந்தது. தலைக்கு மேல் வெள்ளையாக இரண்டாவது விரிந்ததைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன்.

சோளக்காட்டில் இறங்கினேன். காட்டுக்காரர் ஓடிவந்து, "அம்மணி, அடிகிடி பட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டு, தன் தூக்குப் போசியிலிருந்த மோரைக் கொடுத்தார். மிதிபட்ட பயிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகராசன் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் வழியெல்லாம் யோசனை. கயிறுதான் காப்பாற்றியது என்று சொல்லிவிட்டால் சந்தோஷப்படுவார். அடுத்த நோம்பிக்கு இன்னும் இறுக்கமாகக் கட்டுவார். அதனால் சோற்றைப் போட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். பிசைந்த கை தட்டிலேயே நின்றது. பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, "அந்தப் புள்ளைக்குப் போன் போட்டுக் குடு" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"கண்ணு..." என்று ஆரம்பித்தார். "நானே அவளைக் கொன்னுபோட்டிருப்பனே கண்ணு." இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஏனுங்க மாமா, முடிச்சாங்க அது? என்ற நகமே பேந்துபோச்சு. எங்கூட்டுக்காரரு தாலிகூட எனக்கு இத்தனை கெட்டியாக் கட்டலீங்க."