யோகா பதில் சொல்ல வந்த நாள்

போன வாரம் வெள்ளம் வடிந்ததும் கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக் கிணற்றை இறைத்து, குளோரின் தூளைக் கரைத்து ஊற்றினேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும், வாகரைச் சனம் யுத்தத்துக்குத் தப்பி வந்து தங்கியிருந்த முகாம் கண்முன் வந்து நின்றது. உங்களுக்குக் குளோரின் என்றால் நீச்சல் குளம் ஞாபகம் வரலாம். எனக்கு இமானுவேல்.

பெயரைக் கேட்டு நம்மூர்க்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபிரிக்காவிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வந்த தண்ணீர்ப் பொறியியலாளன். அந்த அலுவலகத்தில் நான் அவனுடைய மொழிபெயர்ப்பாளர். என் ஆங்கிலம் கிணறு, குழாய், மலக்குழி வரை தடையில்லாமல் ஓடும், அதற்கப்பால் திக்கும். முகாமின் தண்ணீர்த் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டவள் யோகா. தகப்பனை ஷெல்லுக்குப் பறிகொடுத்துவிட்டுத் தாயோடு வந்தவள். இமானுவேல் ஏன் அந்தத் தாங்கிகளை இத்தனை தரம் பரிசோதிக்கிறான் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்க நாள் பிடித்தது. ஒருநாள் அவனே சொன்னான், அவளைக் கலியாணம் செய்யலாமா என்று கேட்கும்படி.

தட்டுத்தடுமாறிக் கேட்டேன். யோகா தாங்கியின் மூடியை இறுக்கியபடியே, "அகதியா இருந்துகிட்டு எப்பிடியக்கா சொல்லுற? நாங்க ஊருக்குப் போன பொறகு கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவன் தலையசைத்தான். அவனும் ஒரு முகாமில் பிறந்தவன்தானாம். அவள் சொல்வது விளங்குகிறதாம்.

பிறகொரு காலை தண்ணீர் பவுசர் லொறியோடு போனால், முகாம் வாசலில் வரிசையாக பஸ்கள். சனத்தை ஊருக்கு அனுப்புகிறார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கூடாரத் தறப்பாள்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். யோகாவின் முகம் ஒரு ஜன்னலில் தெரிந்தது, பஸ் போய்விட்டது. இமானுவேல் பவுசர் குழாயைப் பிடித்தபடி நின்றான், தண்ணீர் காலடியில் ஓட.

வாகரைப் பாதையில் சோதனைச் சாவடி தாண்ட எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவனுடைய விசாவையும் நீட்டிக்கவில்லை. போய்விட்டான்.

அவன் விமானம் ஏறி இரண்டு நாள்கூட ஆகவில்லை. அலுவலகக் கதவைத் திறக்கிறேன், யோகா நிற்கிறாள், உடம்பெல்லாம் செம்மண் புழுதி.

"ஊருக்குப் போயிட்டம் அக்கா. வீடு இல்ல, கிணறு மட்டும் கிடக்கு. இப்ப அவரைக் கேக்கச் சொல்லுங்க."

அவன் போய்விட்டதை எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவள் அழவில்லை. தொலைபேசியில் அவனைப் பிடித்துக் கொடுத்தேன். சம்மதம் சொல்லும் ஒரு சொல்தான் அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ், அவளுக்கு அது போதுமாக இருந்தது. "ஓம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும் "ஓம்".

அவன் திரும்பிவர விசா கேட்டுக்கொண்டே இருந்தான், கிடைக்கவில்லை. யுத்தம் நடக்கும் வேறொரு நாட்டுக்கு வேலைக்குப் போனான். அங்கே போன பிறகு அவன் எண் ஒலிக்கவே இல்லை.

களுதாவளையில் வேறொருவருக்கு வாழ்க்கைப்பட்ட யோகாவைப் போன வருடம் பிள்ளையார் கோயிலில் கண்டேன். பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டுக் கேட்டாள்: "அவர் உசிரோட இருக்காராக்கா?"

விசாரிக்க அந்த அலுவலகம் இப்போது இல்லை. முகாம் இருந்த வெளியெங்கும் மதில் வைத்த வீடுகள். இமானுவேல் என்றொருவன் இங்கே தண்ணீர் கொடுத்தான் என்று தெரிந்தவர்கள், இந்தப் பக்கத்தில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.